ஷெட்டில் நின்ற சீமைக் கார்

“சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அப்பா காதுல விழுந்துடப் போகுது” என்றார் கார் பார்க்க வந்தவர்.

மகன் சிரித்தான். “பக்கத்துல இடி விழுந்தாலும் அவருக்குக் கேக்காது. நீங்க தாராளமாப் பேசுங்க.”

ஷெட்டுக்குள் அப்பா காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்களும் பழைய செருப்பும்தான்.

பச்சை நிறச் சீமைக் கார். மேலே கூரை கிடையாது. வேலையில் இருந்த காலத்தில் யாரோ கழித்துப் போட்டதை வெறும் கூடாக வாங்கி வந்தார். ரிட்டையர் ஆன பிறகு அதுவே கதி. அம்மா இருந்தவரை அவளோடு பேச்சு, அவள் போன பிறகு காரோடு.

அதில் இரண்டு பேர் உட்காரலாம். கிளம்ப வேண்டுமென்றால் மூன்றாவதாகக் கடவுளும் ஏறி உட்கார வேண்டும். மழை பெய்தால் வைப்பர் ஓடாது, வெயிலில் தானாக ஓடும். நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டி அடையாளம் போட்டுவிட்டுத்தான் நகரும்.

போன மழைக்காலத்தில் பிடித்த ஜலதோஷம் அப்பாவின் காதை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் இரண்டு குரல். அவருக்குக் கேட்க ஒன்று, கேட்காமல் இருக்க ஒன்று.

மருமகள் டீ கொண்டு வந்தாள். வந்தவரிடம் ஒரு கப்பைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து கத்தினாள். “மாமா, வெளியே வாங்க. பனியன் எல்லாம் கரியாகுது பாருங்க. உங்க உடம்புதான் எங்களுக்கு முக்கியம்.”

நிமிர்ந்ததும் குரல் இறங்கியது. “அந்தப் பனியனைத் துவைக்கறதுக்குள்ள என் உடம்பு போயிடும். இந்தக் குப்பையை எப்போ எடுத்துட்டுப் போறீங்க?”

“ஐயாவுக்குச் சம்மதம்தானே?” வந்தவர் தயங்கினார்.

“அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போறார்” என்றான் மகன். “அப்போ வந்து ஏத்திட்டுப் போயிடுங்க. திரும்பி வந்து எங்கேன்னு கேட்டா, ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கிறோம். அதை நம்பிடுவார். என்னைக்கு அது ரிப்பேர் இல்லாம இருந்துது?”

“ஷெட் காலியானா என் தையல் கிளாஸை இங்கேயே வச்சுக்குவேன்” என்றாள் மருமகள்.

“காதை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” என்று கேட்டார் வந்தவர்.

“காட்டணும். இப்போ என்ன அவசரம்? கேக்காத வரைக்கும் அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி” என்றான் மகன்.

அப்பா மெல்ல வெளியே வந்து டீயை வாங்கிக்கொண்டார்.

“உங்க காது சரியாகணும்னு தினமும் சாமிகிட்ட வேண்டிக்கிறேன் மாமா” என்று கத்தினாள் மருமகள். பிறகு வந்தவர் பக்கம் திரும்பி, “அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோன்னும் சொல்லி வச்சிருக்கேன்” என்றாள்.

மகனும் தன் பங்குக்குக் கத்தினான். “அப்பா, இவர் என் ஃப்ரெண்டு. பழைய கார்னா உயிர். சும்மா பார்க்க வந்தார்.”

அப்பா தலையாட்டினார். காலி கப்பை மருமகளிடம் கொடுத்துவிட்டு, காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். இருமி, செருமி, ஒரு வழியாக என்ஜின் பிடித்துக்கொண்டது. குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி கார் முழுக்க உதறியது.

இறங்கி பானெட்டைத் திறந்தார். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் என்ஜின் உதறாமல் ஓடும்.

அப்பா ஒரு ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை ஒரு கார்புரேட்டரின் வாயருகே பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததன் வாய்க்கு மாற்றினார்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “டாக்டர்னு நினைப்பு. கேக்காத காதுக்குக் குழாய் வேற.”

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். வந்தவர் சிரிக்கவில்லை. அவர் இந்த மாதிரி கார்களோடு பழகியவர். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, தனக்குத்தானே முணுமுணுத்தார். “வலது பக்கம் அதிகமா இழுக்குதோ?”

“இல்லைங்க, இடது பக்கம்” என்றார் அப்பா, திரும்பாமலேயே. “இங்கே உஸ்ஸுன்னு பலமா வருது. அங்கே மெலிசா இருக்கு.”

இடது பக்கத்துத் திருகாணியை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு துளி திருப்பினார். மறுபடியும் குழாய் வைத்துக் கேட்டார். இன்னும் ஒரு துளி. உதறல் நின்று, என்ஜின் ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

அப்பா அதை அணைத்தார்.

மருமகள் காலி கப்பை வைக்க இடம் தேடினாள்.

வந்தவர் அப்பாவின் எதிரே வந்து நின்றார். “ஐயா, வண்டியை விக்கப் போறதா…”

“எனக்கும் காதுல விழுந்துதுங்க. என்னைத்தான் யாரும் கேக்கலை” என்றார் அப்பா. “இது விக்கிறதுக்கு இல்லைங்க. உங்களுக்கு வீண் அலைச்சல்.”

மகன் தரையில் இருந்த எண்ணெய்க் கறையை முதல் தடவையாக உற்றுப் பார்த்தான்.

மருமகளுக்குப் பழக்கம் விடவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். “மாமா, காது எப்போ சரியாச்சு?”

அப்பா குழாயைச் சுருட்டி வைத்தார்.

“ஜலதோஷம் விட்ட அன்னிக்கே திறந்துடுச்சும்மா. சந்தோஷமா உங்ககிட்ட சொல்லலாம்னு ஓடி வந்தேன். ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க. அந்த நேரத்துல சொன்னா முகத்தை எங்கே கொண்டுபோய் வச்சுக்குவீங்கன்னுதான், அப்படியே வந்து காருக்கு அடியில படுத்துட்டேன்.”