இரண்டாவது ஊசி

"ஒன் கூடப்பொறந்தவளா இருந்தா, இப்படி ரெண்டாந்தடவ இடுப்பெலும்புல ஊசி ஏத்த விடுவியா?"

ராஜபாளையம் ஆஸ்பத்திரி லேப் வாசல்ல கருத்தையா போட்ட சத்தத்துல, டோக்கனோட உக்காந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. தங்கச்சின்னா அவருக்கு உசுரு. கோவம் வந்துட்டா வாய்க்குப் பூட்டு கிடையாது.

லேப் பொண்ணு வின்சி தலையக் குனிஞ்சு நின்னா.

தங்கச்சி செல்லக்கனிக்கு பிளட் கேன்சர்னு தெரிஞ்சு போச்சு. எந்த வகைன்னு பாக்க எலும்பு மஜ்ஜைய எடுத்து, அவ புருசன் சமுத்திரம் கையிலயே மதுரைக்குக் குடுத்து விட்டாங்க. 'செல்லெல்லாம் உடைஞ்சிருக்கு, மறுபடி எடுத்து அனுப்புங்க'ன்னு நேத்து அங்கருந்து போன்.

"உடைஞ்சா என்ன? அத வச்சே பாக்க வேண்டியதுதான?"

"முடியாதுண்ணே. செல்லுக்கு மேல சிடி பத்தொம்போது, சிடி முப்பத்திமூணுன்னு புரதம் இருக்கும். எது இருக்குன்னு பாத்துத்தான் என்ன வகை, என்ன மருந்துன்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு. செல்லு முழுசாப் போனாத்தான் தெரியும்."

"பொறவு எப்படி உடைஞ்சது?"

"ஐஸ் பட்டா உடைஞ்சிரும். நாந்தான் பழக்கதோசத்துல ஐஸ் வச்சு அனுப்பிட்டேன். தப்பு என்னுதுதான்."

"பழக்கதோசமா? பெரிய டாக்டர்ட்ட சொல்லி ஒன்னிய இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புதேன் பாரு."

பெஞ்சுல புருசன் தோள்ல சாஞ்சிருந்த செல்லக்கனி, "விடுண்ணே, அதுவும் மனுசிதான" ன்னா. போன வாரம் குத்துன எடத்துல அவளுக்கு இன்னும் வலி விடல.

கருத்தையா கேக்கல. மாடிக்கு விறுவிறுன்னு ஏறுனாரு. பாதிப் படியில சமுத்திரம் ஓடி வந்து மறிச்சான்.

"மச்சான், போவாதீக. ஐஸ வச்சது நானு. வைக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. பஸ்ஸுல அடிச்ச வெக்கைக்குக் கெட்டுப் போயிருமோன்னு பயந்துட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் நின்னப்ப, சர்பத் கடையில ஐஸ் வாங்கிச் சுத்தி வச்சுட்டேன். நேத்தே போன்ல அதுகிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்."

கருத்தையா படியில நின்னபடியே கீழ லேப் வாசலத் திரும்பிப் பாத்தாரு.

"பொறவு எதுக்கு மாப்ள அவ தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டா?"

சமுத்திரம் கண்ணத் தொடச்சான்.

"'ஊசி ஏத்துறப்ப அக்கா உங்க கையத்தான் பிடிச்சுக்கிடுவாங்க. அந்தக் கையாலதான் இந்த வலின்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்ணே'ன்னு சொல்லிருச்சு மச்சான்."