ஏழாவது விக்கல்

“இன்னிக்கும் அந்த விக்கல் ரோபோவையே போடுங்கண்ணா. குழந்தை காத்துக்கிட்டு இருப்பா,” என்றது போனில் சொர்ணலதாவின் குரல்.

“போடறனுங்க. ஆனா...” என்று இழுத்தான் மகேந்திரன்.

மண்டி மொஹல்லா பேட்டையில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்தது அந்தக் கேபிள் டி.வி. ஆபீஸ். தினமும் சாயங்காலம் அஞ்சரைக்கு அவர்களுடைய சொந்தச் சேனலில் நேயர் விருப்பம். பெயரும் வீட்டு நம்பரும் சொன்னால் கேட்ட கேசட்டைப் போடுவார்கள். கொள்ளேகாலிலிருந்து வந்த மகேந்திரன், நாலு மாதமாக அந்த அறையில் ஒண்டியாக உட்கார்ந்து கேசட் மாற்றிக்கொண்டிருந்தான்.

ஏரியாவே அவன் போடும் படத்தைப் பார்த்தது, அவனோடு பேசத்தான் ஒரு நாதியில்லை. போன் அடித்தால் திட்டுவதற்குத்தான் அடிக்கும். படம் ஆடுது, சத்தம் வரலை, கரண்ட் போச்சு. கரண்ட் போனதற்குக்கூட அவன்தான் ஜவாப்தாரி! நாலாவது சந்து பன்னிரண்டாம் நம்பர் சொர்ணலதா ஒருத்திதான், தெருமுனை பூத்திலிருந்து போன் பண்ணி, “சாப்பிட்டீங்களாண்ணா?” என்று கேட்பாள்.

அவள் விருப்பம் எப்போதும் ஒரே கார்ட்டூன், அதிலும் ஒரே எபிசோடு. விண்வெளிக் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் தகர ரோபோவுக்கு விக்கல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு விக்கலுக்கும் கப்பல் ஒரு கிரகம் தாண்டிக் குதிக்கும். ஏழாவது விக்கலில் கேப்டனின் மீசை பிய்ந்துபோய் ரோபோவின் மூக்குக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும். பேச்செல்லாம் இங்கிலீஷ், மகேந்திரனுக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் அந்த மீசையைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது.

“ஏழாவது விக்கல் வர்றதுக்குள்ள நிறுத்திடாதீங்கண்ணா. அதுக்குத்தான் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும்,” என்பாள் சொர்ணலதா.

டி.வி. முன்னால் பாய் விரித்துத் தாயும் பிள்ளையும் சிரிப்பதை மகேந்திரன் எத்தனையோ தடவை மனசுக்குள் பார்த்துவிட்டான். ஒருநாள், ஒரே ஒருநாள், தானும் அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

போன வாரம் ஒரு லாரி இடித்து, நாலாவது சந்துக்குப் போகும் ஒயர் அறுந்துவிட்டது. சந்து முழுக்கப் படமே இல்லை. அன்றைக்கு அவனைத் திட்டாதவர்கள் பாக்கியில்லை. சொர்ணலதா மட்டும் போன் செய்து, “இன்னிக்குக் குழந்தை சிரிச்ச சிரிப்பு இருக்கே, அப்பப்பா!” என்றாள். தன் மனசு நோகக்கூடாதென்று பொய் சொல்கிறாள், தங்கமான பொம்பளை என்று நினைத்து அவன் நெகிழ்ந்துபோனான்.

இன்று காலையில்தான் முதலாளி பசவராஜ் வந்து குதித்துவிட்டுப் போயிருந்தார். “ஏனய்யா மகேந்திரா, என் சேனலுக்கே விக்கலா? தினமும் அதே தகர டப்பா! இன்னிக்கு ஒருநாள் போட்டுத் தொலை. நாளைக்கும் அது ஓடினா நீ ஊரைப் பார்த்துக் கிளம்பு!”

அதைத்தான் இப்போது போனில் சொல்ல வேண்டியிருந்தது. “இன்னிக்குத்தானுங்க கடைசி. மொதலாளி வேண்டாம்னுட்டாருங்க.”

“இன்னிக்காச்சும் முழுசாப் போட்டுடுங்கண்ணா,” என்றாள். குரல் உடைந்திருந்தது.

மகேந்திரன் சும்மா இருக்கவில்லை. மத்தியானமே அந்த எபிசோடை ஒரு காலி கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தான். அவள் ஒரு வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமே! அஞ்சரைக்கு விக்கல் ரோபோவை ஓடவிட்டு, இருபது நிமிஷம் தன்னை யாரும் தேடமாட்டார்கள் என்ற தைரியத்தில் அந்தக் கேசட்டோடு சைக்கிளை எடுத்தான்.

பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரே அறை. ஒரு ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய். பின்சுவரில் காதை வைத்தபடி தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“கேபிள் மகேந்திரனுங்க! டி.வி. எங்கீங்க, ரிப்பேருங்களா? கொழந்தையக் காணோமே?” என்றான் உற்சாகமாக.

அவள் பதறி எழுந்து, சத்தம் போடாதீர்கள் என்று கும்பிட்டாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரோபோவின் விக்கல் சத்தம் அவன் காதில் விழுந்தது. ஒயர் அறுபடாத அஞ்சாவது சந்தில் ஒரு வீட்டின் பின்பக்கம் அது. பழக்கதோஷத்தில் எண்ணினான். அஞ்சு, ஆறு... ஏழாவது விக்கலுக்கு அங்கே ஒரு சின்னக் குழந்தை கலகலவென்று சிரித்தது. சொர்ணலதா ஓடிப்போய்ச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள்.

“அது யாரு வூட்டுக் கொழந்தைங்க?” மகேந்திரனின் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

“என் பொண்ணுதாண்ணா. கோர்ட்டுல அவங்கப்பாகிட்ட குடுத்துட்டாங்க. நான் இந்தப் பக்கம் குடி வந்தது அவருக்குத் தெரியாது. வந்து ரெண்டு மாசம் அவ அழுகைதான் கேட்டுச்சு. நீங்க இதைப் போட்ட அன்னிக்குத்தான் முதல்முதலாச் சிரிச்சா.”

மகேந்திரன் கையிலிருந்த கேசட்டைப் பார்த்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்:

“ஏழாவது விக்கல்ல அப்படி என்னதாண்ணா வருது?”