தாங்கித் தண்ணீர்

“என்னங்க, நளீம் நானாவைக் கட்டிப் போட்டிருக்காங்க. நம்ம குடிதண்ணித் தாங்கில விஷம் கலந்துட்டாராம்.”

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து மனைவி கிருஷாந்தினி போனில் சொன்னதும் திலீபன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். நளீம் பத்து வருடமாகச் சிவப்பு பைக்கில் தோட்டத்துக்குத் துணி கொண்டுவந்து விற்பவர்.

“யாரு சொன்னா?”

“வாட்ஸப்ல வந்துச்சு. சிவப்பு பைக்குக்காரன் தாங்கில எதையோ கொட்டுறான், புள்ளைங்களுக்குத் தண்ணி குடுக்காதீங்கன்னு. நம்ம தம்பி துஷாந்துதான் கோயில் குரூப்ல போட்டான். யாரு அனுப்புனதுன்னு கேட்டா தம்பி வாயே தொறக்க மாட்டேங்கிறான்.”

“பச்சைப் பொய். பொலிசுக்குச் சொன்னீங்களா?”

“மாத்தளையில இருந்து வரணும். அதுக்குள்ள கொன்னுருவாங்க போல.”

திலீபன் முகாம் மண்டபத்தின் வாசலைத் திரும்பிப் பார்த்தான். கலேவெலப் பக்கம் இராணுவத்தினருக்கு மூன்று நாள் பயிற்சி, அவன் மொழிபெயர்ப்பாளன். எதிரி இனித் துப்பாக்கியோடு வரமாட்டான், ஒரு பொய்யை அனுப்புவான், ஊர் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும் என்பது பாடம். இந்தப் பாடத்தில் ஒரு வரி வெளியே போனாலும் வேலை போகும் என்று கேப்டன் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிடைக்காமல் கிடைத்த வேலை.

நாலடி நடந்தான். திரும்பி வந்தான். போனில் யாரோ அடிவாங்கும் சத்தம் கேட்டது.

“ஸ்பீக்கர்ல போடு. தலைவரே, அவரை விட்டுருங்க. அது பொய்.”

தோட்டத் தலைவர் செல்லச்சாமியின் குரல் சூடாக வந்தது. “தம்பி, எங்க புள்ளைங்க குடிக்கிற தண்ணி இது. அங்க உக்காந்துகிட்டுப் பொய்யுன்னா, நாங்க எப்படி நம்புறது?”

கேப்டன் வாசலுக்கு வந்து, இடைவேளை முடிந்ததென்று சைகை காட்டினார். திலீபனுக்குப் பயமாகத்தான் இருந்தது. நளீமை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

“அதை எழுதினதே நான்தாங்க, தலைவரே. இங்க ஆமிப் பயிற்சிக்கு ஒரு பொய் கேட்டாங்க. நம்புற மாதிரி இருக்கட்டும்னு நளீம் நானாவோட சிவப்பு பைக்கைச் சேர்த்தேன். நம்ம லயத்துப் பேச்சு சரியா வந்திருக்கான்னு பாக்கச் சொல்லி, நேத்து துஷாந்துக்கு அனுப்புனேன். எதுக்குன்னு சொல்லல, அவன் நெசம்னு நம்பிட்டான்.”