நடுவரின் பூதக்கண்ணாடி

“இது போன மாசம் அடிச்ச பெயிண்ட்டு” என்றார் நடுவர், பச்சைக் காரின் கதவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு. கராஜ் முழுக்கப் பெயிண்ட் நெடி அடித்தது. மூலையில் ஒரு ஸ்கூட்டர் பாதிச் சிவப்போடு காய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு மேற்கொண்டு சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

பழைய வாகனச் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் வெள்ளைக் கையுறை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. பழைய கார்களைப் பற்றித் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஸ்பானர் பிடித்ததாகத் தகவல் இல்லை.

காரின் சொந்தக்காரர் சுவரோடு சுவராக நின்றார். துருப்பிடித்த வண்டிகளோடே வாசம் செய்வதால் தெருவில் அவருக்குத் துருவாசர் என்று பெயர். பெயரில்தான் முனிவரின் கோபம். ஆள் எறும்புக்குக்கூட ஒதுங்கி வழிவிடுவார்.

தவிர, சங்கத்தின் விதி அப்படி. சோதனை முடியும்வரை சொந்தக்காரர் ஒரு வார்த்தை பேசினாலும் விண்ணப்பம் ரத்து. பேசவிட்டால் ஆளாளுக்குக் கதை அளக்கிறார்களாம்.

துருவாசருக்கு இது மூன்றாவது முறை, அதுவே கடைசி முறையும். இதற்கு முன் ஒரு மோட்டார் சைக்கிளையும் ஒரு வேனையும் தட்டி ஒட்டித் தயார்செய்து காட்டினார். இரண்டையும் இதே நடுவர்தான் ‘போலி’ என்று முத்திரை குத்தித் தள்ளினார்.

இன்று ‘அசல்’ முத்திரை விழுந்தால் கார் கண்காட்சிக்குப் போகும். விழாவிட்டால் கராஜைக் காலி செய்து, மனைவியின் தையல் மெஷின்களுக்கு விட்டுக்கொடுப்பதாக மனிதர் வாக்குக் கொடுத்திருந்தார். மனைவி காலையிலேயே வந்து, எந்தச் சுவரோரம் எந்த மெஷின் என்று முடிவுசெய்து வைத்துவிட்டாள்.

“இவருக்கு வேற பொழைப்பே கிடையாதுங்க” என்றாள் அவள், வாசலில் நின்றபடி. “ரெண்டு வருஷமா இந்தக் காரைக் குழந்தை முகம் மாதிரி துடைச்சுக்கிட்டே இருக்காரு. வேற ஒண்ணும் செய்யலை. சமையல்கட்டுக் குழாய் ஒழுகுது, அதை ஒரு நாள் திருகிப் பாத்திருப்பாரா?”

“எத்தனை வருஷம் துடைச்சாலும் போலி போலிதாம்மா” என்றார் நடுவர். இந்த வசனத்தை அவரே ரசித்துத் தலையாட்டிக்கொண்டார்.

பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். “போல்ட்டெல்லாம் பளபளன்னு இருக்கு. எந்தக் கடையில வாங்கினீங்க? பில்லு இருக்கா?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல விதியில் இடம் இல்லை என்பதால் தானே சிரித்துக்கொண்டார். தாளில் ‘போலி’ என்று எழுதினார்.

ஸ்டியரிங்கைப் பார்த்தார். “ராட்டினத்துல இருந்து பிடுங்கி மாட்டினதா இது?” மறுபடி ‘போலி’. விளக்கு போலி, கண்ணாடி போலி, கதவுக் கைப்பிடி போலி. பாவம், அழுகை முட்டிக்கொண்டு வந்தது துருவாசருக்கு.

நடுவர் பின் சீட்டுக்கு வந்தார். தையலைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

“வீட்டு மெஷின்ல ஓட்டின தையல். உங்க கைவேலைதானேம்மா? புருஷன் பண்ற தில்லுமுல்லுக்கு நீங்களும் கூட்டா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். துருவாசர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். புருஷனைத் திட்டுகிற உரிமையை அவள் இதுவரை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

நடுவர் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். டாஷ்போர்டின் ஓரத்தில், சில்லறைச் சாமான் வைக்கும் அறைக்கு ஒரு சின்ன மரக்கதவு இருந்தது. அதைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினார். வெறும் விரலால் தடவினார். மூக்கை ஒட்டி வைத்து மோந்துகூடப் பார்த்தார்.

“ஆகா! இதுதான்யா வேலை!” என்று கத்தினார். “இந்த நிறம், இந்தக் கீறல், இந்த மெருகு! கம்பெனித் தச்சன் கை இது. அறுபது வருஷம் ஆச்சு, ஒரு இம்மி நகரலை. இன்னிக்கு இருக்கிறவன் எவனுக்காவது இது வருமா?”

துருவாசர் தலை குனிந்துகொண்டார். நடுவருக்கு அது குற்ற உணர்ச்சியாகப் பட்டது.

“மொத்த வண்டியிலயும் அசல்னு இருக்கிறது இது ஒண்ணுதான். இதையாவது கெடுக்காம விட்டீங்களே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!” என்றார். “மத்தது பூரா உங்க கைவரிசை. நான் இருபத்தஞ்சு வருஷமா வண்டி பாக்கிறேன். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?”

இறங்கி வந்து, தாளை கார் பானெட் மேல் விரித்தார். ‘போலி’ முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். துருவாசர் கண்களை மூடிக்கொண்டார்.

மனைவி விறுவிறுவென்று உள்ளே வந்தாள். முத்திரைக்கும் தாளுக்கும் நடுவில் கையை வைத்தாள். சொந்தக்காரர்தான் பேசக் கூடாதே தவிர, சொந்தக்காரரின் மனைவியைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

“அந்தச் சின்ன மரக்கதவு ஒண்ணை மட்டும்தாங்க இவர் செஞ்சாரு.”