பதினோரு மார்க் மாத்திரை

"ஒரு கையெழுத்துக்கு என்னம்மா இவ்வளவு யோசனை? உன் சொத்தையா எழுதிக் கேக்கறேன்?"

பேராசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார். மேசைமேல் முப்பது பக்க அறிக்கை. முதல் பக்கத்தில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், 'பகுப்பாய்வு செய்தவர்' என்ற இடம் மட்டும் காலி.

அங்கே கையெழுத்துப் போட வேண்டியவள் எதிரே நின்ற மாணவி. புள்ளியியல் முதுகலை, கடைசி ஆண்டு. அவளுடைய ஆய்வேடு அதே மேசையின் ஓரத்தில், அவர் கையெழுத்துக்காக இரண்டு வாரமாகக் கிடந்தது. மூன்று வாரத்தில் அவள் வேலையில் சேர வேண்டும். பட்டம் இல்லாமல் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்."

"உனக்கு என்னைக்கு ஒண்ணோட நின்னிருக்கு?"

விஷயம் இதுதான். ஒரு மருந்து கம்பெனி ஞாபகசக்தி மாத்திரை ஒன்றைப் புதிதாகத் தயாரித்திருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு பேராசிரியருடையது. சம்மதித்த அறுபது மாணவர்களைக் குலுக்கல் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 'அ' குழுவுக்கு அசல் மாத்திரை. 'ஆ' குழுவுக்கு அதே நிறத்தில், அதே ருசியில், மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று மாணவர்களுக்குத் தெரியாது, பேராசிரியருக்குத் தெரியும். ஆறு வாரம் கழித்து ஒரு கட்டுரைத் தேர்வு வைத்தார்கள். 'அ' குழுவின் சராசரி பதினோரு மார்க் அதிகம்.

அன்றிலிருந்து பேராசிரியரின் நடையே மாறிவிட்டது. மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். நாளைக்கு மாநாட்டில் அறிக்கை வாசிக்கிறார். அதற்காகப் புதுக் கோட்டும் தைத்தாயிற்று.

"கணக்குல தப்பு இருக்கா?" என்றார்.

"இல்ல சார். மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். தற்செயலா இவ்வளவு வித்தியாசம் வர ஆயிரத்துல ஒரு வாய்ப்புகூட இல்ல."

"குலுக்கல்ல கோளாறா?"

"நான்தானே போட்டேன் சார். அதுலயும் குறை இல்ல."

"அப்புறம் என்னதான் உன் வயித்துவலி?"

"விடைத்தாளை யார் சார் திருத்தினது?"

"நான்தான். இந்தத் துறையில வேற எவனுக்கு அந்தத் தகுதி இருக்கு?"

"ஒவ்வொரு தாளோட தலையிலயும் அ, ஆன்னு குழு எழுதியிருந்துச்சு சார். யாரு மாத்திரை போட்டவங்கன்னு தெரிஞ்சே திருத்தியிருக்கீங்க."

பேராசிரியர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார்.

"முப்பது வருஷமா திருத்தற கைம்மா இது. தராசு மாதிரி. என் சொந்த மச்சான் இங்கதான் படிச்சான். அவனையே ரெண்டு தடவை ஃபெயில் போட்டேன், தெரியுமா?"

"அவரை உங்களுக்கு ஆகாதுன்னு வகுப்புலயே சொல்லியிருக்கீங்களே சார்."

சிரிப்பு நின்றது.

அவள் விடவில்லை. "உங்க புத்தகத்துலயே ஏழாவது அத்தியாயத்துல இருக்கு சார். திருத்தறவருக்குக் குழு எதுன்னு தெரியவே கூடாதுன்னு..."

"அது பரீட்சைக்கு வர்ற அத்தியாயம். இது ஆராய்ச்சி!"

"தாள் தலையில இருக்கற எழுத்தை மறைச்சு, வேற ஒருத்தர்கிட்ட கொடுத்து மறுபடி திருத்தச் சொல்லலாம் சார். ரெண்டே நாள்."

"மாநாடு நாளைக்கு. கூட்டம் கலைஞ்சப்புறம் உன் ரெண்டு நாளை வச்சிக்கிட்டு நாற்காலிகிட்டயா பேசச் சொல்றே?"

அவர் அவளுடைய ஆய்வேட்டை எடுத்தார். கீழ் இழுப்பறையில் போட்டுப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நீ கையெழுத்துப் போடற வரைக்கும் இது இங்கயே தூங்கட்டும்."

 வேலை கிடைத்த செய்தியை அவள் அம்மா தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருக்கிறாள். மாணவி பேனாவை வாங்கினாள். அறிக்கையின் கடைசிப் பக்கம் வரைக்கும் கை போனது. பிறகு பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"என்னால முடியாது சார்."

அவர் வாய் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்தவர் மருந்து கம்பெனியின் மேனேஜர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சார், ஒரு முக்கியமான விஷயம்..."

"முடிவு கேக்கத்தானே வந்தீங்க? பதினோரு மார்க்! பதினோரு மார்க் வித்தியாசம்!"

"இல்ல சார், அது வந்து..."

"பேசாதீங்க, கேளுங்க. உங்க மாத்திரையைப் போட்ட பசங்க எழுதினதைப் படிக்கணுமே! முத்து முத்தா எழுதியிருக்காங்க. முதல் வரியைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, மருந்து வேலை செய்யுதுன்னு. இன்னொரு முப்பது பேரு? மாவு தின்னவன் எழுதினதும் மாவாட்டம்தான் இருக்கு. இந்தப் பொண்ணுக்குத்தான் அது புரிய மாட்டேங்குது. நீங்களாவது சொல்லுங்க."

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் சார் வந்தேன். பேக்கிங்ல பெரிய தப்பு நடந்துபோச்சு. இன்னைக்குக் காலைலதான் கண்டுபிடிச்சோம். உங்களுக்கு அனுப்பின ரெண்டு பெட்டியிலயுமே மாவு மாத்திரைதான். அசல் மருந்து எங்க குடோனை விட்டு இன்னும் வெளியவே வரல."

பேராசிரியரின் கை மெல்ல நீண்டு, அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தது.

மாணவி அதன் மறுமுனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க சார். இப்ப கையெழுத்துப் போடறேன். உங்க ஏழாவது அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது."