நாலாவது மாடி மாப்பிள்ளை

"மாப்பிள்ளை ரெடியாகிட்டாரு, வந்து பாரு!" என்று மகன் சமையலறையில் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தான். உள்ளறையில் அவன் அப்பா கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, இடுப்பில் தொளதொளத்த பேண்ட்டை இழுத்துப் பிடித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்கு வயது அறுபத்தெட்டு. ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் ஆயுள் முழுக்கப் பழுது பார்த்துவிட்டு, லிஃப்டே இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில் வீடு வாங்கிய புத்திசாலி. பீப்பாய் மாதிரி இருந்த மனிதர் இரண்டு வருஷத்தில் பாதி ஆளாகிவிட்டார்.

அதுவும் பட்டினி கிடந்தோ மருந்து மாத்திரை விழுங்கியோ இல்லை. முதலில் காபியில் சர்க்கரையை நிறுத்தினார். நாக்கு அதற்குப் பழகிய பிறகு, ராத்திரிச் சாப்பாட்டை இருட்டுவதற்குள் முடித்தார். அப்புறம் சின்னத் தட்டு. அப்புறம் தினமும் படியேறி இறங்குவது. ஒன்று உடம்பில் ஊறாமல் அடுத்ததைத் தொடமாட்டார்.

அம்மா கண்ணை மூடிய மறுவாரமே ஆரம்பித்த கூத்து இது. அதுதான் மகனுக்கு வயிற்றெரிச்சல். அவள் உயிரோடு இருந்தவரை தலைபாடாய் அடித்துக்கொண்டாள், மனிதர் ஒரு கரண்டி குறைத்ததில்லை.

"ரெண்டாவது மாடி பாட்டு டீச்சர்கூட தனிக்கட்டைதான்" என்று மருமகள் ஒருநாள் போகிறபோக்கில் கொளுத்திப் போட்டாள். அன்றோடு மகனுக்குத் தூக்கம் போயிற்று. வீடு அப்பா பேரில் இருக்கிறது. டீச்சர் மாலையும் கழுத்துமாக வந்து நின்றால், அவன் பெட்டியும் படுக்கையுமாகத் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வெளியூரில் இருந்த தம்பிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான். "டேய், கிழவர் நம்ம ரெண்டு பேரையும் நடுத்தெருவுல நிறுத்தாம ஓயமாட்டாரு."

மாப்பிள்ளை கண்ணாடி முன் நின்ற அன்றைக்குத்தான் புது பீரோ வந்து இறங்கியது. மகனுக்கு பர்னிச்சர் கடையில் விற்பனை வேலை. வாயும் ஆள்காட்டி விரலும்தான் உழைக்கும். ஒரு முக்காலியைக்கூடத் தன் கையால் நகர்த்தியவன் இல்லை. வாசலில் நின்றபடியே, "அப்படித் திருப்பு, இப்படிச் சாய்" என்று படிக்கட்டை நோக்கி அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தான்.

இரண்டு ஆட்கள் படித் திருப்பத்தில் பீரோவைச் சாய்த்து வைத்து மூச்சு வாங்கினார்கள். அப்பா அவர்கள் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏம்ப்பா, ஏத்தறது கஷ்டமா, எறக்கறது கஷ்டமா?"

"எறக்கறதுதாங்க. கீழ நிக்கறவன் மேலயே பாரம் பூரா வந்து உக்காரும். கொஞ்சம் அசந்தா இடுப்பு போயிடும்."

அப்பா தலையாட்டிக்கொண்டார். மேலே நின்ற மகனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அங்க என்னப்பா ஆராய்ச்சி? டீச்சரம்மாவுக்கு லிஃப்டு கட்டப் போறீங்களா?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. வழக்கம்போலப் படியிறங்கப் போய்விட்டார்.

பீரோ உள்ளே வந்து, ஆட்களும் கிளம்பினார்கள். மகன் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. "என்ன சார், ஆளே மாறிட்டீங்க! அடையாளமே தெரியலை" என்று டீச்சரின் குரல் கேட்டது. "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குங்க" என்று அப்பா சொன்னதும் கேட்டது.

மகனுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. என்ன பாக்கி? முகூர்த்தமா?

அப்பா மேலே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கவில்லை. அதைப் பார்த்ததும் மகனுக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது.

"கொஞ்சமாவது வெக்கமா இல்லையாப்பா? அம்மா கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னப்போ குறையாத தொப்பை, இப்போ யாருக்காகக் குறையுது?"

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"உனக்காகத்தான்."

"எனக்காகவா!" மகன் கையைத் தட்டிச் சிரித்தான். மருமகள் கரண்டியோடு வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். "கேட்டியாடி? காதுல பூ சுத்தறாரு. இந்த வயசுல இளைச்சுக் காட்டுங்கன்னு நான் உங்ககிட்ட கேட்டேனா?"

"என்கிட்ட கேக்கலை. உன் தம்பிகிட்ட கேட்டே."

 தம்பியிடம் மகன் போனில் பேசியதெல்லாம் டீச்சரைப் பற்றித்தான். அதைக் கிழவர் ஒட்டுக் கேட்டிருப்பாரோ என்று சந்தேகம் வந்தாலும், வாய்க்கொழுப்பு அடங்கவில்லை.

"அவன்கிட்ட அப்படி என்னத்தக் கேட்டுட்டேன்? சொல்லுங்க, உங்க மருமகளும் கேக்கட்டும்."

அப்பா குரலை உயர்த்தவில்லை.

"உங்க அம்மாவைக் கடைசியா இந்தப் படியில தூக்கிட்டு எறங்கறப்போ, 'இதுக்கே இடுப்பு போகுது, நாளைக்கு அப்பாவை எப்படிடா எறக்கப் போறோம்'னு கேட்டியே, அதுக்குத்தான்டா."