புள்ளிப் படம்

ஸ்கேன் அறையில் ஐயம்பெருமாள் மல்லாந்து கிடக்கிறார். வாய்ப்புற்று கழுத்து நெறிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்கு, இறங்கிவிட்டதா என்று டாக்டர் நஸீமா பார்க்கிறார். நெறி நீளமாக இருந்தால் பயமில்லை, உருண்டிருந்தால்தான் தொல்லை என்று ஐயம்பெருமாளின் மனைவி பிரம்மநாயகியிடம் வெளியிலேயே சொல்லியிருக்கிறார். "பைய அங்கன திரும்புங்க, அண்ணாச்சி" என்று சுவரைக் காட்டுகிறார் நஸீமா. திரையில் சாம்பல் புள்ளிகள் கொதிக்கின்றன. அருகில் நிற்கும் பிரம்மநாயகிக்குச் சேரன்மகாதேவி வீட்டின் முதல் டிவி நினைவுக்கு வருகிறது. இலங்கை ஒளிபரப்பைப் பிடிக்கக் கணவர் மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே, "தெரியுதா?" என்று கத்துவார். "தெரியுது, அப்படியே விட்டுட்டு வாங்க" என்று இவள் கீழிருந்து கத்துவாள். படம் விழுந்த அன்று அவர் இறங்கிவரும் மிடுக்கைப் பார்க்க வேண்டும். இப்போது புள்ளிகள் விலகி, கோலிக்குண்டு போல ஒரு கரிய உருண்டை திரள்கிறது. நஸீமாவின் கை நிற்கிறது; உருண்டையின் இரு ஓரத்திலும் குறி வைத்து அளக்கிறார். சுவர்ப்பக்கம் முகம் திருப்பிக் கிடப்பவர் கேட்கிறார்: "ஏட்டி, தெரியுதா?" பிரம்மநாயகி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணுந் தெரியலைங்க. வெறும் புள்ளிதான்."